சீனாவுக்கு ஒரு புத்தகம், ஹட்டனில் ஒரு பரீட்சை

மச்சானுக்கு ஹட்டன் டவுனில் ஒரு ஃபேன்சி கடை. வளையல், ரிப்பன், போன் கவர், ஸ்கூல் பேக், தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் வாசலில் ஒரு மேசை போட்டு பட்டாசு. இத்தனை வருடமும் சாமான் எல்லாம் கொழும்பு புறக்கோட்டையில்தான் எடுத்தார். போன வருடம் திடீரென்று ஒரு ஞானம். "புறக்கோட்டை முதலாளி எங்க எடுக்கிறாரோ அங்கேயே நாமளும் போய் எடுத்தா என்ன மச்சான்?" அங்கே என்றால் குவாங்சோ. கூட்டாளிகள் நாலு பேர் ஏற்கெனவே போய் வந்திருந்தார்கள்.

என் தங்கச்சி விடவில்லை. "சீனா வரைக்கும் போயிட்டு கடைத்தெருவ மட்டும் பாத்துட்டு வரவா? நானும் வாறேன்" என்றாள். ஆக குவாங்சோவோடு பெய்ஜிங்கும் ஷாங்காயும் சேர்ந்து, நாலு நாள் வியாபாரம் பதினொரு நாள் பயணமாக ஆனது. அதற்குப் பிறகுதான் பிரச்சினை என் தலையில் விழுந்தது. "நீங்கதானே புத்தகப் பைத்தியம். சீனாவுக்கு ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகமா பாத்து வாங்கிட்டு வாங்க."

கொள்ளுப்பிட்டியில் ஒரு புத்தகக் கடையில் போய் நின்றேன். சீனா என்று நாலைந்து புத்தகம் இருந்தது. ஒவ்வொன்றும் செங்கல் கனம். விலையைப் பார்த்தேன். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024-இல் நிர்ணயித்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு முழு வாரம் கொழுந்து பறித்தால் ஒரு புத்தகம் வாங்கலாம். தப்பாக வாங்கிவிடக் கூடாது. ஆனால் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குச் சீனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத ஊரைப் பற்றி எழுதிய புத்தகம் சரியா பிழையா என்று தெரியாதவன் எப்படிச் சொல்வது? எல்லாப் புத்தகமும் அட்டையில் அதே பெருஞ்சுவர்தான் போட்டிருக்கிறது.

அப்போதுதான் பக்கத்து அலுமாரி கண்ணில் பட்டது. அதே கம்பெனிகள் போட்ட இலங்கைப் புத்தகங்கள். சீனா தெரியாது, சரி. ஹட்டன் தெரியுமே!

இந்தப் புத்தகங்களோடு எனக்குப் பழைய உறவு. எங்கள் மாமா ஒருவர் நல்லதண்ணியில் ஒரு தங்குமிடத்தில் வேலை செய்தார். வெள்ளைக்காரர்கள் இரவு இரண்டு மணிக்கு எழும்பி சிவனொளிபாத மலை ஏறி, சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, காலை ஒன்பது பத்து மணிக்குக் கால் நடுங்க இறங்கி வருவார்கள். அதற்கு மேல் ஒரு கிராம் பாரம்கூடத் தூக்க அவர்களுக்கு மனம் வராது. பாதி சவர்க்காரம், ஒற்றைக் கால் சப்பாத்து, வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் அறையிலேயே கிடக்கும். அந்தப் புத்தகங்கள் மாமா மூலமாக எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து சேரும். பார்த்து முடித்த ஊர்களின் பக்கங்களைக் கிழித்து எறிந்துவிடுவது அவர்கள் வழக்கம். அதனால் காலியும் கொழும்பும் இல்லாத இலங்கைதான் எனக்குக் கிடைத்தது. என் மலையைப் பற்றி இங்கிலீஷில் நான் முதலில் வாசித்தது அந்தக் கிழிந்த புத்தகங்களில்தான். பன்னிரண்டு வயதில் ஹட்டனைப் பற்றி ஒரு வரி வாசித்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி, சீக்கிரமே கிளம்பிப் போய்விடவேண்டிய ஊர் என்ற தொனி. எனக்கு அது அப்போது பெரிய கோபம். எங்களுக்கு ஹட்டன்தான் பட்டணம். தீபாவளிச் சட்டை, சினிமா, பல் பிடுங்குகிற டாக்டர், எல்லாம் ஹட்டன்.

சரி, கடைக்கு வருவோம். மூன்று கம்பெனியின் இலங்கைப் புத்தகங்களை எடுத்து மலைநாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். கடைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். சீனா கேட்டு வந்த ஆள் நின்று நுவரெலியா வாசிக்கிறான் என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்.

முதல் கேள்வி சுலபமானது. நுவரெலியாவுக்கு ரயிலில் போகிறவன் எங்கே இறங்கவேண்டும்? நுவரெலியாவில் ஸ்டேஷன் கிடையாது. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குக் குட்டி ரயில் ஒன்று ஓடியது. 1940-களில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கவேண்டும். ஒரு புத்தகம் இதைப் பெட்டி போட்டுச் சொல்லியிருந்தது. இன்னொன்று ஒரு மூலையில் சொன்னது. மூன்றாவது புத்தகத்தில் ரயில் பயணத்தின் அழகைப் பற்றி ஒரு முழுப் பக்கம், நீல ரயில் பச்சை மலை படத்தோடு. எங்கே இறங்குவது என்று மட்டும் இல்லை. அந்தக் கம்பெனியின் சீனப் புத்தகத்தை அந்த இடத்திலேயே தள்ளி வைத்தேன்.

இது அற்பக் கேள்வியாகத் தெரியலாம். சீனாவில் இது உயிர்க் கேள்வி. நமக்கு ஓர் ஊருக்கு ஒரு ஸ்டேஷன். அங்கே பெய்ஜிங்குக்கு பெய்ஜிங் ஸ்டேஷன், தெற்கு ஸ்டேஷன், மேற்கு ஸ்டேஷன் என்று தனித்தனியே இருக்கிறது. குவாங்சோவிலும் அப்படித்தான். ஒன்றுக்குப் போகவேண்டியவன் மற்றதில் போய் நின்றால், ரயில் போய்விடும். ரயில் என்றால் நம்ம ரயில் இல்லை. 2011-இல் திறந்த பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேகப் பாதை 1,318 கிலோமீட்டர். வேகமான வண்டி நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்கிறது. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு 170 கிலோமீட்டர் சொச்சம் வர நாம் எவ்வளவு நேரம் உட்காருகிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது கேள்வி, தூரத்தை எப்படிச் சொல்கிறான்? ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம் என்று எழுதிவிட்டுப் போனால் அது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, மஸ்கெலியாவைத் தாண்டி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே வரும் லொறிக்கு ஒதுங்கிப் போகிற பாதை அது. மலைநாட்டுக்கு எழுதுகிறவன் மணிக்கணக்கில் எழுதவேண்டும். பௌர்ணமிப் போயா நாளில் எவ்வளவு, சாதாரண நாளில் எவ்வளவு என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, காலம். மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடிகிற சிவனொளிபாத மலை சீசனில் எந்த இரவில் படிக்கட்டில் நிற்க இடம் இருக்காது என்று சொல்கிறானா? நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் அறை வாடகை எப்படி ஏறும் என்று சொல்கிறானா? இதைச் சொல்கிற புத்தகம்தான் சீனாவில் அக்டோபர் முதல் வாரத்தில் வராதே என்றும் சொல்லும். அக்டோபர் 1 அவர்களுடைய தேசிய தினம். அந்த வாரம் முழுக்க நாடே விடுமுறையில் ரயிலேறுகிறது. மச்சான் சரியாக அந்த வாரத்தில்தான் போகத் திட்டம் போட்டிருந்தார். குவாங்சோவில் 1957-லிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிற பெரிய வர்த்தகச் சந்தையின் இலையுதிர்காலச் சுற்று அக்டோபர் நடுவில் தொடங்குகிறது, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று கணக்கு. புத்தகத்தில் இரண்டு வரி வாசித்துக் காட்டினேன். ஊர் சுற்றுவதைச் சந்தைக்குப் பின்னால் தள்ளிப் போட்டார். அந்த இரண்டு வரிக்கே புத்தகத்தின் காசு சரியாகிவிட்டது.

நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியம். மற்றவர்களுக்கு முக்கியமா என்று தெரியாது. எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான்?

மூன்று புத்தகத்திலும் கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம் இருந்தது. மூன்றிலும் சிரிக்கிறாள். மூன்றிலும் நுவரெலியா "குட்டி இங்கிலாந்து". சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர், குதிரைப் பந்தயத் திடல், 1876-இல் தொடங்கிய ஹில் கிளப்பில் டை கட்டிக்கொண்டு சாப்பிடவேண்டிய வழக்கம், கிரகரி வாவி. எல்லாம் உண்மைதான். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் தேயிலை போட்டதும் மூன்றிலும் இருக்கிறது. அந்தச் செடிக்குக் குழி வெட்டினவன் யார்? ஒரு புத்தகத்தில் "தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள்" என்று ஒரே வரி. கொண்டுவரப்பட்டது மரச்சாமானா? இன்னொன்றில் ஒரு வரியும் இல்லை, படம் மட்டும்தான். நானுஓயாவைப் பெட்டி போட்டுச் சொன்ன புத்தகத்தில் மட்டும் அரைப் பக்கம் இருந்தது. லயம் என்றால் என்ன, 1948-இல் ஏழு லட்சம் பேர் குடியுரிமை இல்லாமல் ஆனது எப்படி, 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆட்களை எப்படிப் பங்கு போட்டார்கள், கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள் என்பது வரை. கடையில் நின்றபடியே அதை இரண்டு தடவை வாசித்தேன்.

இதையெல்லாம் வைத்துச் சீனப் புத்தகத்தைத் தீர்மானிக்கலாமா என்று கேட்பீர்கள். எழுதினவர்கள் வேறு ஆட்கள்தானே? நானும் யோசித்தேன். எழுதுகிறவர் மாறலாம், என்னென்ன கேள்விக்குப் பதில் எழுதவேண்டும் என்று அவரிடம் சொல்லி அனுப்புகிற ஆபீஸ் ஒன்றுதான். ஓர் ஊரில் ஸ்டேஷனையும் கட்டடத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வா என்று ஒருத்தனை அனுப்புகிற ஆபீஸ், இன்னோர் ஊரிலும் அப்படித்தான் அனுப்பும். ஷாங்காயின் ஆற்றங்கரைக் கட்டட வரிசையைப் பற்றி எங்களுக்கு ஒரு வரிக்கு மேல் தராத அந்த இரண்டு கம்பெனியின் சீனப் புத்தகங்களையும் புரட்டினேன். அதே கதை. எந்த வங்கி, எந்தக் கம்பெனி, எந்தப் பாணித் தூண். அந்தத் துறையில் மூட்டை சுமந்தவனைக் காணோம்.

புதிய பதிப்பா பழைய பதிப்பா என்பதும் உண்டு. சீன நகரங்கள் மாறுகிற வேகத்துக்கு அச்சுப் புத்தகம் ஓடமுடியாது. ஷாங்காயில் மெட்ரோ 1993-இல்தான் தொடங்கியது. இன்றைக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். காசு கொடுக்கிற முறையே மாறிவிட்டது. தேத்தண்ணிக் கடையில்கூட அலிபே, வீசாட் என்று போனைக் காட்டுகிறார்கள். நம்ம வங்கி அட்டையை அதில் இணைக்கலாம் என்பதே 2023-க்குப் பிறகுதான் சுலபமானது. வாட்ஸ்அப்பும் கூகுள் வரைபடமும் அங்கே சாதாரணமாக வேலை செய்யாது. இதைச் சொல்லாத பதிப்பு, எவ்வளவு நல்ல கம்பெனி போட்டதாக இருந்தாலும், காட்சிப் பொருள்தான். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு ஒன்று கிடைத்தது. அதில் பணத்தைப் பயணக் காசோலையாகக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். மச்சான் அதைத்தான் வாங்கச் சொன்னார், கடைக்காரர் புத்தி. நான் கேட்கவில்லை.

இன்னொன்று, முழுச் சீனாவுக்கும் ஒரே புத்தகமா, ஒவ்வொரு நகரத்துக்கும் தனிப் புத்தகமா? மூன்று நகரத்துக்கு மூன்று புத்தகம் வாங்கினால் மூன்று வாரக் கொழுந்து. அந்த அரைப் பக்கம் எழுதின கம்பெனியின் முழுச் சீனப் புத்தகத்தையே வாங்கி, வேண்டிய மூன்று அத்தியாயத்தையும் கடைசிப் பக்கங்களையும் மட்டும் கிழித்து நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். நல்லதண்ணி வெள்ளைக்காரர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. புத்தகப் பைத்தியமாக இருந்துகொண்டு புத்தகத்தைக் கிழிக்கும்போது கை கூசியது என்பதையும் சொல்லவேண்டும்.

மிச்சம் என்னிடமே இருக்கிறது. அதில் சோங்சிங் நகரத்து அத்தியாயத்தைத்தான் இப்போது அடிக்கடி புரட்டுகிறேன். சோங்சிங் மாநகர நிர்வாக எல்லை மட்டும் 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம்ம நாடு முழுக்கச் சேர்த்தே 65,610 தான். இரண்டு பெரிய ஆறு சந்திக்கிற இடத்தில் மலைமேல் கட்டின நகரம். ஒரு தெருவிலிருந்து பார்த்தால் தரைத்தளமாக இருக்கிற கடை, கீழ்த் தெருவிலிருந்து பார்த்தால் பத்தாம் மாடிக்கும் மேலே நிற்குமாம். லிசிபா என்ற ஸ்டேஷனில் ரயில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே போகிறது. மூங்கில் தடியில் பாரம் கட்டிப் படியேறுகிற கூலிகளை அங்கே பாங்பாங் என்று தடியின் பேரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அந்த அத்தியாயத்தின் வரைபடம் மட்டும் தட்டையாக இருக்கிறது. மலை ஊருக்குத் தட்டையான வரைபடம் எதற்கு ஆகும்? எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ரோட்டில் போனால் முக்கால் மணி நேரம். குறுக்குப் பாதை தெரிந்தவனுக்குப் பத்து நிமிடம்.

குறுக்குப் பாதை என்றதும் இபின் பதூதா ஞாபகம் வருகிறார். மொரோக்கோக்காரர், 1344-இல் நம்ம சிவனொளிபாத மலைக்கு வந்தவர், பிறகு சீனாவுக்கும் போனவர். மலைக்கு இரண்டு வழி என்று எழுதிவைத்தார். ஒன்றுக்குப் பேர் பாபா, ஒன்றுக்கு மாமா. மாமா வழி சுலபம், இறங்குகிறவர்கள் வருவது. அதில் ஏறினவனை யாத்திரை போனவனாகவே கணக்கெடுக்கமாட்டார்கள். பாபா வழி கஷ்டம். பிடித்து ஏற இரும்புச் சங்கிலி உண்டு. வழி என்ன, எது கஷ்டம், அந்த ஊர் ஆட்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள், மூன்றும் சில வரிகளில் வந்துவிட்டது. அவருக்கும் 900 வருடத்துக்கு மேல் முன்னால் வந்த சீனத் துறவி ஃபாஹியான், புத்தரின் ஒரு காலடி தலைநகரத்துக்கு வடக்கிலும் இன்னொன்று ஒரு மலை உச்சியிலும் இருப்பதாக எழுதினார். சீனர்களுக்கு நம்ம மலைக்கு வழிகாட்டி கிடைத்து 1,600 வருடமாகிறது. நமக்கு அவர்கள் ஊருக்குத் தமிழில் ஒன்று வாங்கலாம் என்று நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை.

தமிழும் சீனமும் ஒரே இடத்தில் எழுதப்பட்ட ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911-இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சீனத்தில் அது புத்தருக்கு, தமிழில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரில். வாசிக்கப்போகிறவன் யார் என்று தெரிந்து எழுதியிருக்கிறான். கொள்ளுப்பிட்டிக் கடையில் இருந்த புத்தகம் எல்லாம் லண்டனிலிருந்தோ சிட்னியிலிருந்தோ கிளம்புகிற ஆளுக்கு எழுதினது. ஹட்டனிலிருந்து கிளம்புகிற ஆளுக்கு வேறு கேள்விகள் உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள் என்ன செய்வாள்?

அதற்கும் நான் வாங்கின சீனப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வழி இருந்தது. சீன எழுத்திலேயே அச்சடித்த வாக்கியங்கள். விரலால் தொட்டுக் காட்டினால் போதும். மரக்கறிச் சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை "சூ". தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நமக்குச் சூ என்றால் கோழி விரட்டுகிற சத்தம். அங்கே கோழி போடாத சாப்பாடு. திசைகளையும் அதிலிருந்தே மனப்பாடம் செய்யவைத்தேன். பெய் வடக்கு, நான் தெற்கு, டோங் கிழக்கு, ஷி மேற்கு. ஜிங் தலைநகரம். பெய்ஜிங் என்றால் வடதலைநகரம், அவ்வளவுதான். ஷாங்காயில் ஆற்றுக்குக் கிழக்கே பூடோங், மேற்கே பூஷி. ரயில் டிக்கெட்டில் "பெய்ஜிங்நான்" என்று வந்தபோது அது தெற்கு ஸ்டேஷன் என்று மச்சான் தானே கண்டுபிடித்துவிட்டாராம். அதை ஊருக்கு வந்து இருபது தடவையாவது சொல்லியிருப்பார்.

பெய்ஜிங் அரண்மனைக்கு முன்கூட்டியே கடவுச்சீட்டு இலக்கம் கொடுத்துப் பதியவேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும், தெற்கு வாசலால் போய் வடக்கு வாசலால் வெளியே வரலாம் என்பதெல்லாம் புத்தகம் சொன்னபடியே நடந்தது. பெட்டி போட்டு இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது. பெய்ஜிங், ஷாங்காய் கடைவீதிகளில் நல்ல இங்கிலீஷ் பேசுகிற இளம்பிள்ளைகள் வந்து பேச்சுக் கொடுத்து, சீனத் தேநீர்ச் சடங்கு பார்க்கலாம் வாருங்கள் என்று கூட்டிப்போய், குட்டிக் குட்டிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, கடைசியில் தலை சுற்றுகிற பில் நீட்டுவார்கள். புறப்படுவதற்கு முந்தின இரவு இதை வாசித்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "ஹட்டன்காரன் போய்த் தேத்தண்ணிக்கு ஏமாறுவதா?" என்று மச்சானின் தம்பிதான் அதிகம் சிரித்தான். ஷாங்காயில் இரண்டு பெண்பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்களாம். தங்கச்சி, "நாங்க தேயிலைத் தோட்டத்துலேருந்துதான் வாறோம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தாளாம்.

வரும்போது எனக்கு ஒரு சாமான் கொண்டுவந்தார்கள். ஷாங்காயில் ஒரு புத்தகக் கடையில் மச்சான் எடுத்தது. சீன மொழியில் இலங்கை வழிகாட்டி. அட்டையில் நீல ரயில், பச்சை மலை. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டே புரட்டினோம். ஓர் எழுத்தும் தெரியாது. படத்தைப் பார்த்து ஊரைச் சொல்வது ஒரு விளையாட்டாகிவிட்டது. கொழுந்துக்காரப் பெண் இதிலும் சிரிக்கிறாள். வரைபடத்தில் ரயில் பாதையைப் பிடித்து எண்ணிக்கொண்டே வந்து ஹட்டனைக் கண்டுபிடித்தோம். மருமகள் போன் கேமராவை அந்தப் பக்கத்தின் மேல் பிடித்தாள். எழுத்தெல்லாம் குதித்துக் குதித்து அரைகுறைத் தமிழாக மாறியது.

மூன்று வரிதான். மலைக்குப் போக இங்கே இறங்கு. பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷனுக்குக் கிட்டத்தான், நடந்தே போகலாம். வாசலில் வேன்காரர்கள் வந்து இன்றைக்குப் பஸ் இல்லை என்று சொல்வார்கள், நம்பாதே.

மச்சானின் தம்பி ஹட்டன் ஸ்டேஷன் வாசலில்தான் வேன் ஓட்டுகிறான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் புத்தகம் போட்டவனுக்கு எங்க ஊரப் பத்தி என்னண்ணே தெரியும்?" என்றான்.